சேவகன் வேஷம்

மேல்கணக்கு, பொகவந்தலாவை
உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள்

அன்பு மகள் ஜெயமலருக்கு,

ஆண்டவர் உன்னை அங்கே பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே உன் அம்மா நலம், உன் பிள்ளை ஜெனிஃபா நலம், எனக்கு இடது தோள் எலும்பு உடைந்து கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதைத் தவிர நானும் நலம். பயப்படாதே, எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. எப்படி உடைந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாது. நான் ஆரம்பித்ததும் நீ அழுவாய், நீ அழுதால் நான் நிறுத்திவிடுவேன், பாதி கேட்ட செய்தியோடு நீ போய் மெஷின் முன்னால் உட்காருவாய். ரோகினி லீவு முடிந்து புதன்கிழமை ஜோர்தானுக்குத் திரும்புகிறாள். உன்னோடு ஒரே ஃபெக்டரியில்தானே வேலை செய்கிறாள், உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அறையில் யாரும் இல்லாதபோது படி. நடுவில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படி.

தவக்காலம் தொடங்கும் முன் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, வீட்டுக்கு வந்துவிடுவதா என்று. உன் புருஷன் விஜிதரன் குடியை விட்டுவிட்டான், ஆள் மாறிவிட்டான் என்று இங்கிருந்து எல்லாரும் உனக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்றாய். 'யார் சொல்லியும் நான் நம்பலப்பா. நீ பக்கத்துக் காம்பராவுலதான இருக்க. நீயே பாத்துச் சொல்லு. நீ வான்னு சொன்னா வர்றேன்' என்றாய். அன்றைக்கு நான் சரியென்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். தவக்காலத்துக்கு மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள், வெற்றிலையை விட்டார்கள். நான் அவனை வெறுப்பதை விட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். வெறுப்போடு பார்க்கிற கண் சாட்சி சொல்லத் தகாது, உனக்குச் சரியான பதில் வேண்டுமென்றால் நான் முதலில் என்னைக் கழுவிக்கொள்ள வேண்டும். இறைச்சியை விடுவது சுலபம் மகளே. லயத்தில் நம் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் எட்டாது என்பது உனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் வாங்கிய ஒவ்வொரு அடியும் அதன் மேலாக வந்து எங்கள் சோற்றில் விழுந்தது. உன் முன்பற்கள் இரண்டும் போன சத்தத்தை நான் கேட்டேன். கொதிக்கிற கேத்தலை உன் தொடையில் கவிழ்த்தான், தலைமயிரைப் பிடித்து வாசல் சாக்கடைக் கான் வரைக்கும் இழுத்தான், நான் ஓடிவந்தபோதெல்லாம் நீயே கதவை உள்ளே பூட்டிக்கொண்டு ஒன்றுமில்லை என்றாய். ஒவ்வொரு முறையும் அடிக்கு முன்னால் அவன் ஒரே வார்த்தையைத்தான் சொல்வான். என்னப் பாக்காத. என்னப் பாக்காத. இதெல்லாம் காதில் இருக்கிறபோது வெறுக்காமல் பார்க்கவேண்டும். பார்த்தேன்.

திருநீற்றுப் புதனன்று அவன் கோயிலுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கடைசி வரிசையில் முழங்கால் படியிட்டிருந்தான். நெற்றியில் சாம்பல் வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பூசை முடிந்து பெரிய வெள்ளிக்கான வேஷங்களைப் பிரிக்கக் கூடினோம். செல்வரத்தினம் மாஸ்டர்தான் எப்போதும்போல நடத்தினார், யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மனிதர், உனக்கும் கணக்குப் படிப்பித்தவர். சேவகன் வேஷத்துக்கு ஆள் பிடிப்பது நம் மேல்கணக்குத் தோட்டத்தில் எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆண்டவரை அடிக்கிற ஆளாக யாரும் நிற்க மாட்டார்கள், நின்றவனுடைய பெண்சாதி பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் மாதக்கணக்கில் ஏச்சு வாங்குவாள். மாஸ்டர் கெஞ்சிக்கொண்டிருந்தார். விஜிதரன் எழுந்து நின்றான். 'மாஸ்டர், அடிக்கிற ஆளா நான் நிக்கிறேன். ஊருக்கே தெரியும் நான் அதுதான்னு. ஏசுறவங்க ஏசட்டும், ஆண்டவருக்கு முன்னால ஏச்சு வாங்கிக்கிறேன்' என்றான். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மாஸ்டர் அவன் தோளைப் பிடித்து, 'உதுதான் தம்பி உண்மையான மனந்திரும்பல், எங்களில் ஒருத்தருக்கும் இந்தத் துணிவு இல்லை' என்றார். எங்களுக்கு அது மிகவும் அழகாகத் தெரிந்தது. அடித்துப் பழகிய கையில் கயிற்றைக் கொடுத்து, ஊர் பார்க்க, அடிக்காமல் இருக்கப் பழக்குவது. தவம் என்றால் இதுவல்லவா. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. 'கையில ஒண்ணும் இல்லாதப்பவே அவன் என்ன பண்ணுனான்னு தெரியும். இப்ப கயிறும் குடுத்து, பக்கத்துல மைக்கும் குடுக்குறீங்க. நல்ல கமிட்டி' என்றாள். குடியை விட்டிருக்கிறானே பிலோமி என்றேன். 'குடிக்காதவன் எல்லாம் நல்லவனா? நீங்களுந்தான் குடிக்கிறதில்ல' என்றாள். அவளை அடக்க யாரால் முடியும்.

ஒத்திகை ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் மைதானத்தில் நடந்தது. கிறிஸ்துவாக துஷாந்த், நம் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற மெலிந்த பையன், மீசைகூடச் சரியாக வராதவன். கயிறு தும்புக் கயிறுதான், ஆனால் நுனி முழுக்கப் பழைய துணியைச் சுற்றி, பீட்ரூட் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அடி விழுந்தால் வெள்ளை அங்கியில் சிவப்பாகக் கோடு விழும். அங்கிக்குள் கொழுந்துச் சாக்கை மடித்து முதுகில் கட்டியிருக்கும். இதிலெல்லாம் பெரிய வித்தை மணிக்கட்டில்தான் இருக்கிறது என்று மாஸ்டர் காட்டுவார். கையை வேகமாக ஓங்க வேண்டும், விழும் நேரத்தில் மணிக்கட்டைத் தளர்த்திவிட வேண்டும். சத்தம் இருக்கும், அடி இருக்காது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கைக்கு அது வராது என்று நான் நினைத்தேன். வந்தது. முதல் வாரம் துஷாந்த் இரண்டு மூன்று தடவை 'அண்ணே மெதுவா' என்று சிரித்தான், அடுத்த வாரத்திலிருந்து சிரிப்பதற்கும் தேவை இருக்கவில்லை. நான் மைதானத்து ஓரத்தில் நின்று அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். தளரும். ஒவ்வொரு தடவையும் தளரும். எனக்குள்ளும் ஏதோ தளர்ந்தது என்று எழுதினால் நீ நம்புவாயா தெரியாது. வீட்டுப் பக்கமும் அப்படித்தான். எங்கள் சமையல் கட்டுத் தகரம் காற்றில் பெயர்ந்தது, கேட்காமலே ஏறி அடித்துக் கொடுத்தான். அடுப்புக்கு மிலாறு விறகு கட்டிக்கொண்டு வந்து வாசலில் போட்டுவிட்டுப் போவான். ஜெனிஃபாவுக்குத் தலை பின்னிவிட வந்தான், அவள் கொடுக்கவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. அப்படியே நின்றாள். பயம் விட்டுப்போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நடுத் தவக்காலத்தில் காளியாயிக்குக் குளவி கொட்டியது. பீலிக்கரைக்கு மேல் வீட்டுக் காளியாயிதான், உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தவள். மேட்டு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், செடிக்கு அடியில் கூடு, யாரோ காலை வைத்துவிட்டார்கள். கரும்புகை எழும்புவதுபோல எழும்பியதாம். எல்லாரும் கூடையை வீசிவிட்டு உருண்டு ஓடினார்கள், காளியாயி மட்டும் கானுக்குள் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தாள். வாயைத் திறந்து கத்தினாள், வாய்க்குள்ளும் கொட்டியது. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ரோட்டில் நின்று தீ வையுங்கள் தீ வையுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தாரே தவிர கிட்டப் போகவில்லை, யாரும் போகவில்லை. கவ்வாத்து மலையிலிருந்து விஜிதரன் ஓடிவந்தான். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள் மேல் போட்டு, அதோடு சேர்த்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தான். அவன் முகத்திலும் கழுத்திலும் குளவி மொய்த்துக்கொண்டே வந்ததாம். டிக்கோயா ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது அவனுக்குக் கண் இரண்டும் மூடியிருந்தன, உதடு கிழங்குபோல வீங்கியிருந்தது. என் குரலைக் கேட்டு, 'கெழவி இருக்காளா மாமா' என்றான். இருக்கிறாள் என்றேன். 'அது போதும்' என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவனிடத்தில் நல்லது ஒன்றுமில்லை என்று நான் எழுதினால் அது பொய். அவன் நடித்தான் என்றும் நான் எழுத மாட்டேன். தன் உயிரைக் கொடுக்கப் போனான், அது நடிப்பல்ல. அந்த வாரம் உனக்கு வா என்று எழுத உட்கார்ந்தேன். அம்மா வந்து பேனாவை எடுத்து ஜெனிஃபாவின் பள்ளிக்கூடப் பையில் போட்டுவிட்டுப் போனாள். 'பெரிய வெள்ளி முடியட்டும்' என்றாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. சும்மா அப்படிச் சொன்னாள்.

பெரிய வெள்ளி. காலையிலிருந்து மூடுபனி, மத்தியானம் கொஞ்சம் விலகியது. கீழ்க்கணக்கு, நடுக்கணக்கு, சைவக் கோயில் கும்பிடுகிற ஆட்கள், எல்லாரும் வந்திருந்தார்கள், மைதானத்துக்கு மேலே இருக்கிற மண்திட்டு முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும். முகம் இன்னும் தடித்துக் கறுத்துக் கிடக்கிற காளியாயிகூட, தன்னைத் தூக்கியவன் நிற்கிறான் என்று வந்து திட்டின் முன்வரிசையில் குந்தியிருந்தாள். தகரத்தில் வெட்டிய தொப்பியும் சிவப்புத் துணியும் கட்டி மூன்று சேவகர்கள். துஷாந்தைக் கம்பத்தில் கட்டினார்கள். மற்ற இரண்டு பேரும் அடித்தார்கள், சத்தம் வந்தது, சிவப்புக் கோடு விழுந்தது, பெண்கள் ஒப்பாரிபோல இழுத்து அழ ஆரம்பித்தார்கள். பிறகு விஜிதரனின் முறை. மாஸ்டர் எழுதியபடி அவன் 'பேசு, ராஜாவென்றால் பேசு' என்று கத்த வேண்டும், கிறிஸ்து பேசாமல் தலையைத் தூக்கி அவனைப் பார்க்க வேண்டும். அவன் கத்தினான். துஷாந்த் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒத்திகையில் அந்தப் பையன் சிரிப்பு வந்துவிடும் என்று பாதியிலேயே கண்ணைத் தாழ்த்திவிடுவான், அன்றைக்குத் தாழ்த்தவில்லை. அழுகைச் சத்தமும் ஜெபமும் அவனுக்குள் ஏறியிருக்க வேண்டும், உண்மையான பரிதாபத்தோடு, அமைதியாக, விஜிதரன் முகத்தையே பார்த்தான். நீ பார்ப்பாயே, அப்படி. விஜிதரனின் வாய் அசைந்தது. ஒலிபெருக்கியில் மாஸ்டரின் ஜெபம் ஓடிக்கொண்டிருந்ததால் திட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் கம்பத்துக்குப் பக்கத்தில் ஆண்கள் வரிசையில் நின்றேன். எனக்குக் கேட்டது. என்னப் பாக்காத. மாஸ்டர் எழுதாத வசனம். சுவருக்கு மேலால் வந்த வசனம்.

அடி விழுந்தது. மணிக்கட்டு தளரவில்லை. அடுத்தது கழுத்தில். அடுத்தது சாக்கு இல்லாத இடமாகப் பார்த்து விலாவில். துஷாந்த் அம்மா என்றான், அது வசனம் என்று ஊர் நினைத்தது. விஜிதரன் கயிற்றைத் திருப்பினான். அடிப்பக்கம் மிலாறுக் கட்டை, கைப்பிடிக்காகக் கட்டியது. அதால் காதில் அடித்தான். தகரத்தில் கல் விழுவதுபோல ஒரு சத்தம். வெள்ளை அங்கியில் விழுந்த சிவப்பு இப்போது பீட்ரூட் நிறத்தில் இல்லை, எனக்கு அது தெரிந்தது, திட்டிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆண்டவரே ஆண்டவரே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எந்த வருஷமும் இப்படி அமைந்ததில்லை என்று என் பக்கத்தில் நின்றவர் சொன்னார், இது என் காதில் விழுந்த வார்த்தை, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் வரிசையை விட்டு உள்ளே ஓடினேன். ஓடி அவன் கையைப் பிடித்தேன். கூட்டத்திலிருந்து ஒருத்தர் ஓடிவருவதைப் பார்த்ததும் மாஸ்டர், பாவம், சிலுவை தூக்க வருகிற சீமோன் வேஷக்காரர் முந்தி வந்துவிட்டார் என்று நினைத்து ஒலிபெருக்கியில், 'இதோ ஒரு வழிப்போக்கன் ஆண்டவருக்கு உதவ வருகிறான்' என்று சொன்னார். ஜனங்கள் எனக்காகவும் அழுதார்கள். விடுடா, விடுடா நாயே என்று நான் கத்துகிறேன், அதற்கும் அழுகிறார்கள். விஜிதரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என்னை அவனுக்குத் தெரிந்தது, தெரிந்துதான் அடித்தான், கட்டையால் தோளில். எலும்பு உடைந்ததை முதலில் கேட்டேன், பிறகுதான் வலித்தது. மண்ணில் விழுந்தேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தரும் வரவில்லை. வர மாட்டார்கள். நாடகம் நடக்கிறது.

அங்கே அது நாடகமில்லை என்று அறிந்த ஒரே ஆள் உன் மகள். அம்மாவின் மடியிலிருந்து இறங்கி, திட்டிலேயே குந்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டாளாம். அழவில்லை, கூப்பிடவில்லை. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தை, மேசைக்கு அடியில் இருந்து உன்னைப் பார்த்துப் படித்தது. சுற்றி இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பிறகு மைதானத்தைப் பார்த்தார்கள். உன் அம்மா, 'அடிக்கிறாண்டி, நெசமாவே அடிக்கிறான்' என்றாள். காளியாயி முதலில் எழுந்தாள். அந்த வீங்கிய முகத்தோடு திட்டிலிருந்து சறுக்கி வந்து அவன் கன்னத்தில் அறைந்தாள். 'என் உசுரத் தூக்கிட்டு வந்தவன்தான்டா நீ. அதுக்குன்னு இதப் பாத்துக்கிட்டு குந்தியிருப்பேன்னு நெனச்சியா' என்றாள். அவளுக்குப் பின்னால் திட்டு முழுதும் இடிந்து விழுவதுபோல வந்தது. கொழுந்து கிள்ளுகிற கைகள் மகளே. அவன் தகரத் தொப்பியைப் பிய்த்தார்கள், மயிரைப் பிய்த்தார்கள், செருப்பால், சீப்பால், செபமாலை சுற்றிய கையால் அடித்தார்கள். அவன் கீழே விழுந்தான். கட்டை எனக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நான் அதை எடுத்தேன். ஒரு கை தொங்கிக்கொண்டிருக்க, மறு கையால் அவன் வாயில் அடித்தேன். பல் போவது தெரிந்தது. இன்னொரு முறை அடித்தேன். என் கைக்கு அது பிடித்திருந்தது. இதை நான் உன்னிடம் மறைக்கக் கூடாது. வலி இல்லை, தவக்காலம் இல்லை, ஆண்டவர் இல்லை, இனிப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கொன்றிருப்பேன், நாங்கள் எல்லாரும் சேர்ந்து கொன்றிருப்போம். நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். யாரோ கட்டவிழ்த்துவிட, கீழே உட்கார்ந்திருந்த துஷாந்த் வாந்தி எடுத்தான், எடுத்துவிட்டு, காதிலிருந்து ரத்தம் ஒழுக, மிகவும் சாதாரணமாக, 'என் செருப்ப எங்க வச்சீங்க' என்று கேட்டான். எல்லாருக்கும் கை நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. மாஸ்டர் ஒலிபெருக்கியைக் கையில் வைத்தபடி நனைந்துகொண்டு நின்றார்.

துஷாந்துக்கு இடது காது கேட்காது என்கிறார்கள், போகப் போகக் கொஞ்சம் வரலாம் என்றும் சொல்கிறார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பொலிஸுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அவன் அடித்ததைச் சொன்னேன், நான் அடித்ததையும் சொன்னேன். ராளஹாமி சிங்களத்தில் கேட்டார், ஐயா, யேசு நாடகத்தில் யேசுவை அடித்ததற்கு வழக்கா என்று. ஆமாம் என்றேன். சனிக்கிழமை காலையில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, அவரும் தூங்கியிருக்க மாட்டார். 'பாவுலு அண்ணை, பொடியனுக்கு ஆவேசம் வந்திட்டுது, சனத்தின்ர அழுகையில அப்பிடி வரும். விடிஞ்சா உயிர்ப்பு. முறைப்பாட்டை எடுத்துப்போட்டுச் சமாதானம் பண்ணுங்கோ, பிள்ளைக்கும் ஒண்டும் எழுதாதையுங்கோ, ஒரு குடும்பம் சேருறதைக் கெடுக்கக் கூடாது' என்றார். உன் அம்மா தேத்தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, 'மாஸ்டர், ஒங்களுக்கும் கொழும்புல ஒரு மக இருக்கா. அவனுக்குக் கட்டிக் குடுப்பீங்களா' என்று கேட்டாள். குடித்து முடித்துவிட்டு, 'குடுக்க மாட்டன்' என்றார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, வேஷத்தைக் கொடுத்த பிழை தன்னுடையது என்றார். நம் எல்லாருடையதும் மாஸ்டர் என்றேன். எவ்வளவு படித்தும் எவ்வளவு ஜெபித்தும் அவருக்கும் எனக்கும் தோன்றாமல் போயிற்று. அடிப்பதை நிறுத்தக் கற்றுக்கொள்ள ஒருவனுக்கு இன்னொரு உடம்பைக் கொடுத்தோம். அந்த உடம்பு துஷாந்துடையது. அவனை யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை விஜிதரன் வந்தான், பிணையில் விட்டிருந்தார்கள். உள்ளே வரவில்லை, கான் ஓரத்தில் நின்றான். வாய் தைத்திருந்தது. ஜெனிஃபாவை அம்மா உள்ளே கொண்டுபோய்விட்டாள். நான் கதவடியில் நின்றேன். இத்தனை வாரம் பார்த்ததெல்லாம் இந்த ஒரு நேரத்துக்காகத்தான் என்று தோன்றியது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்க நான் உண்மையில் ஆசைப்பட்டேன். தலை குனிந்து, 'மாமா, வேஷத்துல கை மீறிருச்சு. இத மட்டும் மலருக்கு எழுதிராதீங்க. அவ வர்ற நேரம்' என்றான். நான் காத்திருந்தேன். வேறு ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். துஷாந்துக்குக் காது எப்படி என்று கேட்பான் என்று. பிள்ளை பயந்துவிட்டாளா என்று. உங்களுக்குத் தோள் எப்படி என்றாவது. குளவிக்குள் போய் வந்தவன், கண் திறக்க முடியாமல் கிடந்தபோதும் கெழவி இருக்காளா என்று கேட்டவன். அவன் கேட்கவில்லை. குளவி கொட்டிய ஆளைப் பற்றிக் கேட்க முடிகிறது, தான் கொட்டிய ஆளைப் பற்றிக் கேட்க முடியவில்லை. நான் சொன்னேன், உன் வாயில் நான் அடித்தது பாவம், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நீ என்னை அடித்ததை நான் மன்னித்துவிட்டேன், முறைப்பாட்டை எடுக்க மாட்டேன், மகளுக்கு இன்றைக்கோ நாளைக்கோ எழுதுவேன். அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன், கண்ணைத் தாழ்த்தாமல். அவனுடைய கை மூடித் திறந்தது. பிறகு போய்விட்டான். கந்தப்பளையில் அவனுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனம் செய்தேன். கையில் இருந்த இனிப்பைச் சொன்னேன். அது இன்னும் முழுதாகப் போகவில்லை என்றும் சொன்னேன். பங்குச் சாமி, அதைத் தெரிந்துகொண்டு இருங்கள் பாவுலு, தெரியாமல் இருப்பதைவிட நல்லது என்றார். தவக்காலம் என்றால் கொஞ்சம் சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, முழங்கால் படியிட்டு, கடைசியில் புதுச்சட்டை போடுகிற காலம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவன் மாறுகிறானா என்று பார்க்கக் கிளம்பி, என் கைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வெறுப்பை விடுவது என்றால் கதவைத் திறந்துவிடுவது என்று நினைத்தேன். இல்லை. இப்போது அவனை வெறுக்கவில்லை. வெறுக்காமல் சொல்கிறேன்.

வராதே.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான் மலர். அவன் மாறினானா என்று கேட்டாய். மாறினான். குடியை விட்டது உண்மை, ஒரு உயிரைக் காப்பாற்றியது உண்மை, கோயிலில் அழுததும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஒருத்தர் பேசாமல் அவன் முகத்தைப் பார்த்தால் அவன் கை என்ன செய்யும் என்பது மாறவில்லை, நீ பேசாமல் பார்க்கிற பெண். அவன் இன்னும் மாறலாம், ஆண்டவருக்கு முடியாதது இல்லை, நான் தினமும் அதற்காக ஜெபிக்கிறேன். அவன் மாறட்டும். உன் உடம்பின் மேல் வேண்டாம். குடும்பம், கலியாணம், ஊர் என்ன சொல்லும் என்று யாராவது உனக்கு எழுதினால் இந்தக் கடிதத்தைக் காட்டு, இதில் இருப்பது உன் அப்பன் கண்ணால் பார்த்தது என்று சொல். மன்னித்துவிடு என்று சொன்னால் மன்னித்துவிடு, அங்கேயே இருந்துகொண்டு மன்னிக்கலாம்.

பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்றுக் காலைப் பூசைக்கு மஞ்சள் கவுனில் போனாள். துஷாந்த் காதில் கட்டோடு வந்து எங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்தான், அவள் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'சேர், நான் இந்தப் பக்கம் வந்து பேசவா' என்று எழுந்து நல்ல காது இருக்கிற பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பூசை முழுவதும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். உன் அம்மா ஒருதடவை கிள்ளியும் நிறுத்தவில்லை. பிள்ளையை விஜிதரன் பக்கத்தார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டோம், அதற்கு எழுத்தில் என்ன செய்யவேண்டும் என்று ஹட்டனில் ஒரு வழக்கறிஞரம்மாவிடம் போக இருக்கிறேன். உனக்கு முதுகு வலி எப்படி, மெஷின் வேலை முடிந்தவுடன் கொஞ்ச நேரம் தரையில் நீட்டிப் படு. குளிருக்கு அந்தச் சிவப்புச் சுவெட்டரைப் போடு, பழசானாலும் அது கனமானது. வெறும் ரொட்டியையே தின்னாதே. ரோகினியிடம் அம்மா கொச்சிக்காய் மிளகாயை இடித்துக் கொடுத்திருக்கிறாள், தேத்தூளும் இருக்கிறது, அறையில் இருக்கிற சிங்களப் பிள்ளைகளுக்கும் கொடு.

உயிர்த்த ஆண்டவர் உன் முகத்தை நிமிர்த்தி வைக்கட்டும். நீ பார்க்கிற பார்வையை யாருக்காகவும் தாழ்த்தாமல் இருக்க அவர் பலம் தரட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. யோசிக்க வேண்டாம், கடிதம் கிடைத்த மறுநாளே போடு. போட்டதும் எனக்குப் போனில் சொல்லு, வேறு ஒன்றும் பேச வேண்டாம், போட்டுட்டேன் என்று மட்டும் சொல்லு, அதற்குப் பிறகுதான் நான் சாய்ந்து படுப்பேன்.

உன்னை நினைத்தபடி,
அப்பா
அ. பாவுலு